பதில் வந்த வரி

சிவப்பாக இருக்க வேண்டிய வரி பச்சையாக இருந்தது.

சகாயசெல்வி லேப்டாப் திரையைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். உப்பளத்து மோட்டார் ஷெட்டில் எதையும் அரை நாள் விட்டுவைத்தால் வெள்ளை படிந்துவிடும். சுவிட்ச் போர்டு, தண்ணீர் கேன், செருப்பு, மனுஷ உதடு, எதுவும் தப்பாது. துடைத்த பிறகும் வரி பச்சையாகவே இருந்தது. வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காலையில் கண்ணைக் குத்திய பாத்திகள் இப்போது மங்கிய தகரம் மாதிரி கிடந்தன. காற்றில் சேற்றின் அழுகிய முட்டை வாடை. மற்ற ஆட்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள். தூரத்தில் ஒரே ஒரு மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அது அவளுடைய அண்ணன் ஆரோக்கியராஜ் வரப்புக்கு மண் அணைக்கிற சத்தம்.

அவள் வேலை பார்ப்பது குயிலாப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் நடக்கும் சின்னக் கம்பெனியில். உப்பளத்துக் கிணற்று மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்துகிற பெட்டி ஒன்றைச் செய்கிறார்கள். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமைச் சோதிப்பது செல்வியின் பொறுப்பு. சோதனை நடக்கும்போது புரோகிராமின் எந்தெந்த வரி ஓடியது, எது ஓடாமலே கிடந்தது என்று காட்ட ஒரு கவரேஜ் டூல் வைத்திருக்கிறார்கள். ஓடிய வரிக்குப் பச்சை அடிக்கும். ஓடாததற்குச் சிவப்பு. அதற்கு மேல் அதில் வித்தை எதுவும் இல்லை.

இன்று மதியம் அந்த டூலின் புதுப் பதிப்பைப் போட்டாள். பழைய பதிப்பில், சோதிக்க முடியாத வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டால் டூல் அவற்றைக் கண்டுகொள்ளாது. புதுப் பதிப்புக்கு அந்தக் குறி புரியவில்லை. இத்தனை மாதம் ஒளித்து வைத்திருந்த வரிகளையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டது. சிவப்பு வரும், பயப்படாதீங்க என்று டீம் லீடர் கௌதமனிடம் அவள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

பச்சை வந்திருக்கிறது என்று இப்போது போனில் சொன்னதும் அவர் சிரித்தார். "பச்சை வந்தா அழுவுற ஒரே டெஸ்டர் நீதான் செல்வி."

"அந்த வரி ஓட முடியாதுங்க சார்."

"ஏன் முடியாது?"

"அது ஓடணும்னா கிணத்துல ஆள் இருக்கணும்."

கௌதமன் கோட்டக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர், அளத்தில் கால் வைத்ததில்லை. அவருக்கு அந்த வரி வெறும் வரி. செல்விக்கு அப்படி இல்லை.

அளத்துக் கிணறு அகலம். உள்ளே பாதி ஆழத்தில் ஒரு திட்டு, திட்டின் மேல் மோட்டார், அதற்குக் கீழே உப்புநீர். தண்ணீருக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வில் சேறு அடைத்துக்கொண்டால் ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். சுவிட்ச் இருப்பதோ தள்ளி, ஷெட்டுக்குள். அங்கிருந்து பார்த்தால் கிணற்றுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் மோட்டார் போடுகிறவன் முதலில் கிணற்றோரம் போய் "ஆள் இருக்கா" என்று கத்துவான். உள்ளே இருக்கிறவன் "இருக்கேன்" என்பான். பதில் வராவிட்டால் ஆள் இல்லை, போய் சுவிட்சைப் போடலாம். இந்தப் பக்கம் பிறந்த பிள்ளை பேச ஆரம்பிக்கும்போதே இந்தக் கூப்பாடும் தொண்டையில் வந்துவிடும்.

பெட்டியும் அதைத்தான் செய்கிறது. கிணற்றுக்குள் ஹாரன் அடிக்கும். அதுதான் ஆள் இருக்கா. ஏணிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பட்டன் இருக்கிறது. உள்ளே இருப்பவன் அதை அழுத்தினால், அதுதான் இருக்கேன். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் பெட்டி இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கும். பதில் அடங்கினால்தான் மோட்டார் ஓடும். அந்தப் பதிலை வாங்குகிற வரிகளை செல்விதான் எழுதினாள். அவற்றுக்கு 'இருக்கேன்' என்றே பெயர் வைத்தாள். சோதனைக்காக ஆளைக் கிணற்றில் இறக்க முடியாது என்பதால் அந்த வரிகளுக்குக் குறி போட்டு ஒதுக்கினாள்.

சோதனைகள் ஆபீஸ் மேஜையில் சட்டென்று முடிந்துவிடும். இங்கே வந்து இந்தக் கிணற்றோடு இணைத்து ஓட்டினால் மட்டும் எப்போதும் இழுத்துக்கொண்டே போகும். நெட்வொர்க் மோசம் என்று இத்தனை நாள் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தாள். அது இப்போது நினைவுக்கு வந்தது. வந்ததும் அதைத் தள்ளி வைத்தாள்.

திரும்ப ஓட்டினாள்.

கிணற்றுக்குள் ஹாரன் ஒரு முறை அடித்தது. அடைத்த தொண்டையில் மாடு கத்தியது போல அந்தச் சத்தம் சுவரில் மோதி, மேலேறி, பாத்திகளின் மேல் பரவி அடங்கியது. உள்ளான் குருவிகள் சில எழுந்து பறந்து மறுபடி உட்கார்ந்தன. பிறகு ஒன்றுமில்லை. மோட்டார் ஓடவில்லை. அவள் சுவிட்ச் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெட்டின் தகரக் கூரை வெயில் குறைந்ததில் டக் டக் என்று சுருங்கியது. மண்வெட்டிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. வெகு நேரம் கழித்து, அவள் எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தபோது, மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. சோதனை முடிந்து தானாக நின்றது.

புதுப் பதிப்பில் இன்னொரு வசதி இருந்தது. ஒரு வரி எத்தனை தடவை ஓடியது என்பதை ஓரத்தில் எண்ணாகப் போடும். ஹாரன் அடிக்கிற வரிக்குப் பக்கத்தில் ஒன்று என்று இருந்தது. இருக்கேன் வரிக்குப் பக்கத்தில் ஐந்து.

ஒரு கூப்பாட்டுக்கு ஐந்து பதில்.

பட்டன் துள்ளுகிறது என்று சொல்லிக்கொண்டாள். பழைய பட்டன் ஒரு தடவை பட்டாலே நாலு தடவை பட்டது போலக் காட்டும். பாடத்திலேயே வரும். ஆனால் துள்ளுவதற்கும் முதலில் ஒரு தடவை யாராவது தொட வேண்டும்.

சோதனை கொஞ்சம் தாமதித்துத் தொடங்குகிற மாதிரி வைத்துவிட்டு கிணற்றுக்கு நடந்தாள். வரப்பின் மேல் காய்ந்த உப்பு காலடியில் அப்பளம் போல நொறுங்கியது. விளிம்பில் நின்று குனிந்தாள். கிணற்றுக்குள் வெயில் பாதிச் சுவர்வரை மட்டும் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே பாசி படிந்த கல், துருப்பிடித்த இரும்பு ஏணி, திட்டின் மேல் மோட்டார். எல்லாவற்றுக்கும் கீழே கறுப்புப் பச்சையாகத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பட்டன் ஏணிக்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் வெயில் விழுந்திருந்தது.

ஹாரன் அடித்தது. இவ்வளவு பக்கத்தில் கேட்டதில் அவளுடைய பல் அதிர்ந்தது. அவள் கண்ணைப் பட்டனிலிருந்து எடுக்கவில்லை. எதுவும் அதைத் தொடவில்லை. ஒரு பல்லிகூட இல்லை. ஹாரனின் அதிர்வில் தண்ணீர் நடுங்கியது. ஹாரன் நின்றது. தண்ணீர் நடுங்குவது நிற்கவில்லை. ஓரத்திலிருந்து நடுவுக்கு, சின்னச் சின்ன வட்டங்களாக, யாரோ கீழேயிருந்து ஊதுவது மாதிரி. பிறகு அடங்கியது. உடனே மோட்டார் ஓடியது.

ஷெட்டுக்குத் திரும்பிப் பார்த்தாள். ஹாரன் ஒன்று. இருக்கேன் பதினொன்று.

திரையைத் துப்பட்டாவால் மறுபடி துடைத்துப் பார்த்தாள். அவள் படித்த படிப்பு முழுக்க இதற்குத்தான். காரணம் இல்லாமல் ஒரு வரி ஓடாது. பட்டனுக்குப் பின்னால் உப்பு பூத்திருக்கும். ஈர உப்பில் கரண்டு ஏறும், இரண்டு கம்பியும் ஒட்டும், விடும், ஒட்டும். ஹாரன் அதிர்வில் அது இன்னும் கூடும். ஆமாம், அதுதான். இந்தக் காரணம் கிடைத்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. கௌதமனிடம் போனில் சொன்னாள். அவரும் அப்படித்தான் இருக்கும், துடைத்துவிட்டுச் சோதனையை ஒரு ரன் விடு, நாளைக்கு ஒப்படைக்கணும் என்றார்.

ஆரோக்கியராஜ் தண்ணீர் குடிக்க வந்தான். முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்து வெடித்திருந்தது. அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அளத்துக் கால்தான். தகப்பன் போன பிறகு அவளைப் படிக்க வைத்தது அந்தக் கால். குதிகால் வெடிப்பில் உப்பு இறங்கி எரிகிற எரிச்சலுக்கு அவன் ஒரு நாளும் முகம் சுளித்து அவள் பார்த்ததில்லை. அவளுக்கு வீடு என்று இருப்பது அவன் ஒருத்தன்தான்.

பட்டன் தானாகப் பதில் சொல்கிறது என்று அவள் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "மெஷினு கத்துது, சரி. பதில் சொல்றது யாரு, நண்டா?"

"உப்பு பூத்திருக்கும்ணா. இறங்கி ஒரு தடவை துடைச்சிட்டா போதும்."

"கம்பெனிக்காரன் வர மாட்டானா இதுக்கு?"

"கம்பெனிக்காரி நான்தான. நான் இறங்கட்டுமா?"

"நீ இறங்குனா உன்னத் தூக்க நாலு பேர் வரணும்." வாயைத் துடைத்துக்கொண்டு துண்டைத் தோளில் போட்டான்.

முதலில் போர்டிலிருந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கிணற்றில் இறங்குகிறவன் ஃபியூஸை மேலே விட்டுவிட்டுப் போக மாட்டான், மேலே நிற்பது கூடப் பிறந்தவளாகவே இருந்தாலும். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. பிறகு ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கிணற்றுக்குள் போட்டுப் பார்த்தான். அது தண்ணீரைத் தொடும்வரை எரிந்தது. காற்று நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஏணியில் கால் வைத்து இறங்கினான். இடுப்பு, தோள், தலை, பிறகு துண்டு மட்டும், பிறகு ஏணி கிறீச்சிடும் சத்தம் மட்டும்.

செல்வி விளிம்பில் நின்றாள். மேற்கே ரோட்டுப் பக்கம் பனைகளின் உயரத்துக்குச் சூரியன் வந்துவிட்டது. கிணற்றுக்குள் இருந்த வெயில் மேலேறிப் போய்விட்டது. கீழே அவனுடைய வெள்ளைத் துண்டின் அசைவு தெரிந்தது.

"துடைச்சிட்டேன்," என்றான். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. "உப்பே இல்ல இதுல. புதுசாட்டம் இருக்குது."

அவள் இன்னும் குனிந்து பட்டன் இருந்த சுவரைப் பார்த்தாள்.

அவன் குரல் மறுபடி வந்தது. "செல்வி, இப்ப கூப்டியா?"

"இல்லண்ணா."

கீழே அவன் மூச்சு விடுவது கேட்டது.

"மேல வந்துடுண்ணா. போதும்."

"வர்றேன் இரு. இறங்குனதுதான் இறங்கியாச்சு. வால்வுல சேறு கெடக்குது, தள்ளிட்டு வந்துடுறேன்." தண்ணீரில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. இன்னொரு நாள் அதே வேலைக்காக ஏணி இறங்குவானேன். கூலி வேலை செய்கிறவன் கணக்கு அது. அவளால் மறுக்க முடியவில்லை.

ஷெட்டில் போன் அடித்தது. விட்டுவிடலாம் என்று பார்த்தாள். நின்று மறுபடி அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். கௌதமன்.

"துடைச்சாச்சா? இங்கேருந்தே உன் லேப்டாப்புல ரன் விட்டுட்டேன். ஓடிக்கிட்டிருக்குது."

"சார், கரண்டே இல்ல இங்க. ஃபியூஸ் எங்க அண்ணன் பாக்கெட்டுல இருக்குது."

"இல்லையே. பச்சையா வந்துட்டே இருக்குதே." அவர் எதையோ உருட்டிப் பார்க்கும் சத்தம். பிறகு வேறு குரலில் பேசினார். "செல்வி, ஹாரன் வரி சிவப்பா இருக்குது. மெஷின் கூப்பிடவே இல்ல. பதில் மட்டும் வருது."

அவள் பெட்டியைப் பார்த்தாள். விளக்கு செத்துக் கிடந்தது. ஹாரன் அடிக்கவில்லை. அடிக்க முடியாது. பட்டனிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இல்லை. லேப்டாப் மட்டும் தன் பேட்டரியில் மினுங்கியது. திரையில் இருக்கேன் வரியின் ஓரத்தில் இருந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக இல்லை. கும்பல் கும்பலாக.

"நிக்க மாட்டேங்குது," என்றார் கௌதமன்.

பெட்டியையும் லேப்டாப்பையும் இணைத்த கேபிளைப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. கையில் தொங்கியது. அதன் முனை எதையும் தொடவில்லை. எண் ஏறியது.

அப்போதுதான் அவளுக்குப் புத்தியில் பட்டது. இத்தனை நாள் இந்தக் கிணறு பதில் சொன்னது. பதில் அடங்கிய பிறகு மோட்டார் ஓடியது. அடங்கியது என்றால் இல்லை என்று அர்த்தம் என்று அவள்தான் எழுதினாள். பேசாமல் இருக்கவும் உள்ளே இருப்பவற்றுக்குத் தெரியும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. காத்திருக்கவும்.

கௌதமன் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். போனை மேஜையில் போட்டாள்.

எண் நின்றது.

சட்டென்று. ஏறிக்கொண்டிருந்தது, அப்படியே நின்றது.

வெளியே ஓடினாள். செருப்பில்லை. உப்பு காலைக் கிழித்தது. கிணற்றுக்குள் சேறு தள்ளும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஏணிச் சத்தம் கேட்க வேண்டும். இல்லை. பாத்தித் தண்ணீர் எல்லாம் சிவந்திருந்தது. குருவிகள் ஒன்றுகூட இல்லை. நான்தான் இறக்கினேன். நான்தான் சொன்னேன். உப்பு பூத்திருக்கும், துடைச்சா போதும். நான்தான்.

விளிம்பு.

மேலே வா என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். மேல வாண்ணா. அவ்வளவுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் கிணற்றோரம் நின்று வாயைத் திறந்தால் இந்தப் பக்கத்துத் தொண்டையிலிருந்து வருவது வேறு. பிறந்ததிலிருந்து பழகியது. அவள் தடுப்பதற்குள் அது வெளியே வந்துவிட்டது.

"ஆள் இருக்கா?"

குரல் இறங்கியது. சுவரில் மோதியது. அடங்கியது.

கண் இருட்டுக்குப் பழகியது. முதலில் துண்டு தெரிந்தது, தண்ணீர்மேல் விரிந்து கிடந்தது. பிறகு அண்ணனின் முகம். மார்பளவு தண்ணீரில் ஏணியை ஒட்டி நின்றான். அண்ணாந்து அவளையே பார்த்தான். உயிரோடு இருந்தான். கண் இமைத்தது. வேண்டாம் வேண்டாம் என்று அந்தக் கண் கெஞ்சியது.

கிணற்றுக்குள்ளிருந்து ஆரோக்கியராஜின் குரல் வந்தது. நிதானமாக. அவன் வழக்கமாகச் சொல்கிற அதே இழுப்போடு.

"இருக்கோம்."

அவனுடைய வாய் அசையவில்லை. அசைய முடியாது. அவனுடைய இரண்டு கைகளும் ஏணிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன, விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு. வாயின் மேல் இருந்தது மூன்றாவது கை. பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றி வந்து, ஊறி வெளுத்து, நகம் இருக்க வேண்டிய இடத்தில் உப்பு பூத்து, பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி மெதுவாக அவன் வாயைப் பொத்தியிருந்தது.